ஏழாம் அத்தியாயம்: மூடுபனியை அளந்து எழுதுதல்

மழைக்கு ஒரு மானி, காற்றுக்கு ஒரு கிண்ணச் சுழலி என்று சென்ற அத்தியாயங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபகரணத்தைக் காட்டிவந்தபடியால், மூடுபனிக்கும் அவ்விதமே கடையில் வாங்கக்கூடிய ஏதேனும் ஒரு கருவியின் பெயரை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திருப்பும் வாசகர் சற்று ஏமாறக்கூடும். விமான நிலையங்களில் அதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் வீட்டு மொட்டைமாடியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நீங்கள் நடத்தப்போகும் அவதானத்துக்குப் பிரதான உபகரணம் உங்கள் கண்தான். அதற்குத் துணையாக முன்கூட்டியே தூரம் அளந்து வைத்த பத்துப் பன்னிரண்டு மரங்களும் கோபுரங்களும் விளக்குகளும், உலர் குமிழ், ஈரத்துணி சுற்றிய ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

தர்க்க சாஸ்திரத்தார் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரமாணங்களைப் பிரித்துச் சொல்வார்கள். வானிலை நிலையத்தின் மூடுபனி அறிக்கை பிரத்தியட்சத்தோடு நின்றுவிடுவது. இரவுக் குளிர்ச்சியால் பிறந்தது, நகர்ந்து வந்த ஈரக்காற்றால் பிறந்தது, மலைச்சரிவில் ஏறும் காற்றால் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் வகுக்கும் வகைகளுக்கு நிலையத்தின் சங்கேத எண்களில் இடமே கிடையாது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். எவ்வளவு தூரம் தெரிந்தது, எவ்வளவு உயரத்துக்குப் படர்ந்தது, தலைக்கு மேல் வானம் தெரிந்ததா, கடந்த ஒரு மணி நேரத்தில் கூடிற்றா குறைந்ததா என்பவையே அங்கே கேட்கப்படும் கேள்விகள். காரணம் குறிப்புப் பத்திக்கு உரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எது மூடுபனி, எது அன்று

நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் மிதந்து, கிடைமட்டமாகப் பார்க்கும் தூரத்தை 1,000 மீட்டருக்குக் கீழே இறக்கிவிட்டால் அது மூடுபனி. அதே நீர்த்துளிகள் இருந்தும் 1,000 மீட்டரோ அதற்கு மேலோ தெரிந்தால் அது லேசான பனிமூட்டம். விமான நிலைய அறிக்கைகளில் இதை 5,000 மீட்டர் வரைதான் எழுதுவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை மூடுபனியை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: 500 மீட்டருக்கு மேல் 1,000 வரை லேசானது, 200க்கு மேல் 500 வரை நடுத்தரம், 50க்கு மேல் 200 வரை அடர்ந்தது, 50 மீட்டரும் அதற்குக் கீழும் மிக அடர்ந்தது. சென்னைவாசி மார்கழியில் காண்பது பெரும்பாலும் முதற்படி. டில்லியின் பாலம் நிலையத்தார் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாலாவது படியையும் காண்பதுண்டு.

முன்னேற்பாடு: அடையாளப் பட்டியல்

மூடுபனி வந்தபிறகு தூரம் அளக்கத் தொடங்குவது, வீடு பற்றியபின் கிணறு வெட்டும் காரியமாகும். தெளிந்த ஒரு நாளில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

1. நிற்கும் இடத்தை ஒன்றாகத் தீர்மானித்துச் சுண்ணாம்பால் ஒரு குறி போடுங்கள். அவதானம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் மனிதனின் கண் மட்டத்தில் நடக்கவேண்டும். மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க முடியுமென்றால் பாருங்கள். ஆனால் உயரத்தைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

2. எட்டுத் திசையிலும் நின்று தெரியும் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். பகலுக்குக் கறுத்த பொருள்களே உகந்தவை. அவையும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கவேண்டும். வெள்ளையடித்த சுவரும், வெயில்பட்டுப் பளபளக்கும் தகரக் கூரையும் கண்ணை ஏமாற்றும்.

3. பொருளின் அளவைச் சோதியுங்கள். ஒரு தபால் அட்டையில் ஏழரை மில்லிமீட்டர் குறுக்களவில், ஒரு பென்சில் தாராளமாக நுழையும்படி, துளையிட்டு, கையை முழுக்க நீட்டிப் பிடித்து அதன்வழி பாருங்கள். பொருள் துளையை நிரப்பினால் ஏற்றுக்கொள்ளலாம். துளைக்குள் சிறுத்து நின்றால், அது மூடுபனியில் மறைவதற்கு முன்பே தன் சிறுமையால் மறைந்துவிடும் என்பதால் தள்ளிவிடுங்கள்.

4. தூரத்தைக் கைப்பேசி வரைபடத்தில் அளந்து, அருகிலுள்ளவற்றை நாடாவைக் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். 50, 200, 500, 1,000 மீட்டர் என்ற நான்கு எல்லைகளுக்கும் பக்கத்தில் ஒவ்வோர் அடையாளமாவது இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் பட்டியல் இப்படித் தொடங்குகிறது: கைப்பம்பு 45, வேப்பமரம் 110, தண்ணீர்த் தொட்டி 210, ஒற்றைப் பனை 380, அரிசி ஆலைப் புகைப்போக்கி 520, கைப்பேசிக் கோபுரம் 950. இதைவிட நேர்த்தியான உபகரணத்தை நான் கண்டதில்லை.

இந்த உபாயம் வானிலைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதன்று. நம் இரயில் நிலையங்களில் 180 மீட்டர் தொலைவில் ஒரு சோதனைப் பொருளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நிலைய அதிகாரி நின்று பார்த்து அது தெரியவில்லையானால், தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகள் பொருத்துவதற்கு ஆள் அனுப்பப்படும். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், தெரிகிறதா தெரியவில்லையா என்ற கேள்வியின் எளிமைக்கு ஈடில்லை.

அதிகாலை அவதானத்தின் வரிசை

உலக நேரப்படி பூஜ்ய மணி அறிக்கை நமக்கு அதிகாலை 5.30க்கும், அடுத்தது 8.30க்கும் விழுகிறது. மூடுபனிக் காலத்தில் இவ்விரண்டும் மிக முக்கியம். 5.30 அவதானத்துக்கு 5.10க்கே தயாராகுங்கள்.

1. அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து, இருளில் ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகுமுன் எழுதும் எண் பெரும்பாலும் தவறானது. கைப்பேசித் திரையை இந்த நேரத்தில் ஒருமுறை பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து நிற்கவேண்டியதுதான்.

2. எட்டுத் திசையையும் சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் தெரியும் கடைசி அடையாளத்தை மனத்தில் கொள்ளுங்கள். திசைக்குத் திசை வேறுபட்டால், எல்லாவற்றிலும் குறைந்த தூரத்தையே எழுதவேண்டும். பனை தெரிந்து ஆலைப் புகைப்போக்கி தெரியாவிட்டால் தூரம் 380 தான். நடுவே 450 என்று ஊகிக்கக் கூடாது.

3. தலையை அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரமோ மேகமோ வானத்தின் நிறமோ மூடுபனியின் ஊடாகத் தெரிகிறதா என்பதை உடனே எழுதுங்கள். பின்னால் சங்கேத எண்ணைத் தேடும்போது இந்த ஒரு சொல்லுக்காகத் திரும்ப மாடியேறியவர்கள் அநேகர்.

4. தரையைப் பாருங்கள். மூடுபனி முழங்கால் மட்டத்தில் படுத்திருக்கிறதா, உங்களையும் மூடி நிற்கிறதா?

5. கடைசியில் வெப்பமானிப் பெட்டியைத் திறவுங்கள். மூடுபனியில் உலர் குமிழின்மேல் பொடித்துளிகள் படிந்து, அதுவும் ஈரக் குமிழாகிவிடும். மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, சில நிமிஷங்கள் பொறுத்து, அதன்மேல் மூச்சுப் படாமல் வாசியுங்கள். மூடுபனிக்குள் உலர் குமிழுக்கும் ஈரக் குமிழுக்கும் வித்தியாசம் அநேகமாக இராது. அரை டிகிரியைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

குறிப்பு: கைப்பேசிப் படத்தைப் பார்த்துத் தூரம் எழுதாதீர்கள். இருளைத் தானாகவே வெளிச்சமாக்கும் அந்த யந்திரம், உங்கள் கண்ணுக்குத் தெரியாத தொட்டியையும் தெரிந்ததாகக் காட்டும்.

இரவு விளக்கின் மாயம்

இருட்டில் கறுத்த பொருள்கள் உதவமாட்டா, விளக்குகளையே நம்பவேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பகலில் 100 மீட்டர் மட்டுமே தெரியக்கூடிய அதே மூடுபனியில், பழைய 100 வாட் குண்டு பல்பின் அளவுள்ள விளக்கு, அதாவது ஏறக்குறைய 100 கேண்டெலா, முழு இருளில் 345 மீட்டர் தொலைவிலும் மங்கிய புள்ளியாகத் தெரியும். ஆகவே விளக்குத் தெரிந்த தூரத்தை அப்படியே எழுதிவிட்டால், நடுத்தர மூடுபனி என்று நீங்கள் அறிவிப்பது உண்மையில் அடர்ந்ததாக இருக்கும்.

அத்தகைய விளக்கு முழு இருளில் கண்ணுக்குத் தென்படும் கடைசித் தூரத்துக்கு ஈடான பார்வைத் தூரம் வருமாறு: 345 மீட்டருக்கு 100, 605க்கு 200, 1,270க்கு 500, 2,170க்கு 1,000. நிலவொளியிலும் விடியல் மங்கலிலும் விளக்கு இதைவிடக் கிட்டவே மறைந்துவிடுமாதலால், இந்த எண்களை முழு இருளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வாகன முகப்பு விளக்கு, மைதானத்துக் குவி விளக்கு ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

சங்கேத எண்களாக்குதல்

நிலையங்கள் தங்களுக்குள் பரிமாறும் அறிக்கையில் தூரத்துக்கு இரண்டு இலக்கம், நிகழ்வுக்கு இரண்டு இலக்கம். தூரம் 5 கிலோமீட்டர் வரை நூறு மீட்டர்களின் எண்ணிக்கை: 300 மீட்டர் என்றால் 03, 2,500 என்றால் 25, நூறுக்கும் கீழே என்றால் 00. மிச்சத்தை விட்டுவிடுவதே விதி. 380 மீட்டரும் 03 தான்.

நிகழ்வு எண்கள் கீழ்வருமாறு:

10: லேசான பனிமூட்டம்.
11: தரையோடு படுத்த மூடுபனி, திட்டுத்திட்டாக. தரையில் 2 மீட்டர், கடலில் 10 மீட்டர் உயரத்துக்கு மேற்படாதது.
12: அதுவே ஏறத்தாழத் தொடர்ச்சியாக.
28: கடந்த ஒரு மணி நேரத்தில் மூடுபனி இருந்தது, இப்போது இல்லை.
40: தொலைவில் மட்டும் இருக்கிறது, உங்கள் கண் மட்டத்துக்கு மேலும் உயர்ந்திருக்கிறது, இந்த ஒரு மணியில் உங்களிடம் வரவில்லை.
41: நிலையத்தில் திட்டுத்திட்டாக.
42, 43: குறைந்து வருகிறது.
44, 45: மாற்றமில்லை.
46, 47: தொடங்கியது அல்லது கூடியது.

42 முதல் 47 வரையிலான இணைகளில் இரட்டைப்படை எண்ணுக்கு வானம் தெரியும், ஒற்றைப்படைக்குத் தெரியாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிப் பட்டியல் மனப்பாடம். 48ம் 49ம் பொருள்களின்மேல் பனிப்படிகத்தை ஏற்றும் உறைநிலை மூடுபனிக்கு உரியவை; உதகையில் ஜனவரியில் புல்தரையை வெளுப்பாக்கும் உறைபனியைக் கண்டு அவற்றை எழுதிவிட வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட எண் பொருந்துமானால் பொதுவாகப் பெரிய எண்ணே எழுதப்படும்.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடுவது அவசியம். துறையின் தரவரிசையில் ‘லேசானது’ என்பது 500 மீட்டருக்கு மேல் தெரிவதைச் சொல்கிறது. 11, 12 என்ற எண்கள் உயரக் குறைவைச் சொல்கின்றன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால், அனுபவசாலிகளும் இடறுகிறார்கள். முழங்காலளவு படுத்திருக்கும் மூடுபனிக்குள் குனிந்து பார்த்தால் ஐம்பது மீட்டரும் தெரியாதிருக்கலாம்; நிமிர்ந்து நின்றால் மூன்று கிலோமீட்டரும் தெரியலாம்.

விமான நிலையத்தின் வழக்கு

விமானிகளுக்கான அறிக்கை வேறு சம்பிரதாயம். இரு எழுத்துச் சுருக்கங்களில் மூடுபனி ‘எஃப்.ஜி.’, லேசான பனிமூட்டம் ‘பி.ஆர்.’, புகை ‘எஃப்.யு.’. பின்னவை இரண்டும் பிரெஞ்சுச் சொற்களின் மிச்சமாதலால், ஆங்கிலத்தில் பொருள் தேடி அலையவேண்டாம். முன்னால் ‘எம்.ஐ.’ சேர்ந்தால் தரையோடு படுத்தது, ‘பி.சி.’ திட்டுகள், ‘பி.ஆர்.’ (PR; பனிமூட்டத்தின் BR அன்று) முன்னொட்டாக வந்தால் விமான நிலையப் பரப்பின் ஒரு பகுதியை மூடியது, ‘வி.சி.’ என்றால் நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து சுமார் 8 முதல் 16 கிலோமீட்டர் வரையிலான சுற்றுப்புறத்தில் இருப்பது. தூரமும் குறைந்தபட்சம் அன்று. அடிவானத்தின் பாதி வட்டத்திலாவது எட்டப்படும் தூரம். எனவே ஒரே நிமிஷத்தில் ஒரே ஊரின் இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண்கள் இருந்தால் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

பார்வைத் தூரம் 1,500 மீட்டருக்குக் கீழே இறங்கினால், ஓடுதளத்தின் நெடுகிலும் விமானிக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கருவிகள் தனியே கணித்துத் தரும். எதிரெதிர்க் கம்பங்களுக்கிடையே ஓர் ஒளிக்கற்றையை அனுப்பி, அது எவ்வளவு தேய்ந்து சேர்கிறது என்று பார்ப்பது அவற்றுள் ஒருவகை. பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் உருவாக்கி நம் விமான நிலையங்களில் நிறுவிய அத்தகைய கருவிக்குத் ‘திருஷ்டி’ என்று பெயர். நமக்குப் பூசணிக்காய் ஞாபகம் வந்தாலும், வடமொழிப் பொருளில் பொருத்தமான பெயர்தான்.

குறிப்புப் பத்தி: காரணத்துக்கு உரிய இடம்

எண்களை எழுதி முடித்தபின், காரணத்தை ஊகிக்க உதவும் சாட்சியங்களை எழுதுங்கள். தீர்ப்பை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முந்தைய மாலை மழையா, இரவு வானம் தெளிவா, காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு, தொடங்கியது எப்போது? தெளிந்த வானமும் அசையாத காற்றும் ஈரத் தரையுமாக இருந்து, விடியலுக்கு முன் தொடங்கி, சூரியன் உதித்தவுடன் சற்றே கூடிப் பிறகு கலைந்தால், அது தரையின் இரவுக் குளிர்ச்சியால் பிறந்தது என்று தைரியமாக எண்ணலாம். உதயத்துக்குப் பின் கூடுவதைக் கண்டு உங்கள் கணக்கைச் சந்தேகிக்காதீர்கள்; இளவெயில் காற்றைக் கிளறும் சிறுபொழுதில் அது அடிக்கடி நிகழ்வதே.

மார்கழி விடியலில் ஏரியின் மேல் இழையிழையாக எழுந்து ஓராள் உயரத்தில் கரைந்துபோவது, வெதுவெதுப்பான நீரின் ஆவி குளிர்காற்றில் பட்டு உண்டாவது. கொடைக்கானலில் பட்டப்பகலிலும் தெருவை மூடுவது, சரிவில் ஏறும் காற்று குளிர்ந்து உண்டான மேகமே. ஊரார் ‘மேகம் இறங்கிவிட்டது’ என்பது நியாயம்தான், ஆனால் அதற்குள் நிற்கும் அவதானிக்கு அது மூடுபனி, அப்படியே எழுதவேண்டும். அதே ஊரில் காலையில் தூண்பாறையருகே நின்று, கீழே பள்ளத்தாக்கு வெண்கடலாகக் கிடப்பதைக் கண்டு 40 என்று எழுதுவது தவறு. உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே கிடப்பதற்கு அந்த எண் பொருந்தாது.

நான் செய்த பிழை

இளவயதில் நான் ஒரு நிலையத்தில் பழகிக்கொண்டிருந்தபோது, போகியன்று அதிகாலை வெளியே வந்து, எதிரில் இருந்த தொட்டி மறைந்திருப்பதைக் கண்ட உற்சாகத்தில், வெப்பமானியைத் திறந்துகூடப் பாராமல் 45 என்று மையால் எழுதிவிட்டேன். பெரியவர் ஒருவர் வந்து மூக்கால் ஒருமுறை மோந்தார். பெட்டியைத் திறந்து இரண்டு குமிழுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருப்பதைக் காட்டினார். “தம்பி, ஊரே பழைய பாயைக் கொளுத்துது, நீ பனின்னு எழுதியிருக்கே” என்றார். 45 அடிக்கப்பட்டு, புகைக்குரிய 04 எழுதப்பட்டது. பழைய எண் தெரியும்படி ஒரே கோட்டால் அடிக்கவேண்டும், சுரண்டி அழிக்கக்கூடாது என்பதையும் அன்றே கற்றேன்.

புகையும் பனியும் கலந்துவிட்டால் விஷயம் இன்னும் சிக்கல். 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் போகிக் காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் வேற்றூர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது அத்தகைய கலவையால்தான். இரண்டு குமிழும் ஒட்டி நின்றால் மூடுபனி எண்ணை எழுதிப் புகையைக் குறிப்பில் சேருங்கள். விலகி நின்றால் முதலில் புகையையும் புழுதியையும் சந்தேகியுங்கள்.

அபாயமும் எச்சரிக்கையும்

மூடுபனி படிந்த மாடிப்படி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கைப்பிடியில்லாத மாடியில் அண்ணாந்தபடி பின்னோக்கி அடி வைக்காதீர்கள். தூரத்தைச் சோதிக்கிறேன் என்று நெடுஞ்சாலையிலோ தண்டவாளத்திலோ நடப்பது முழு மூடத்தனம். உங்களுக்கு 80 மீட்டர் தெரிகிறதென்றால் ஓட்டுநருக்கு உங்களை அதைவிடக் கிட்டத்தில்தான் தெரியும். அவதானம் எப்போதும் ஒரே இடத்தில் நின்று செய்வது. காலில் செருப்பும் கையில் டார்ச்சும் இல்லாமல் தோட்டத்துப் பெட்டிக்குப் போகவேண்டாம். புகை கலந்த காலையில் ஆஸ்துமாக்காரர்கள் அன்றைய அறிக்கையை வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

ஒரு காலையின் பக்கம்

இதுவரை சொன்னதைக் கொண்டு கீழ்க்கண்ட குறிப்பை வாசித்துப் பழகுங்கள்.

5.30: தூரம் 03, நிகழ்வு 46. காற்று இல்லை. உலர் 20.4, ஈரம் 20.2. நட்சத்திரம் தெரிகிறது. 4.50க்குத் தொடங்கியது.

6.50 (இடைக்குறிப்பு): உதயத்துக்குப் பின் கூடிற்று. வேப்பமரமும் மறைந்தது. வானம் தெரியவில்லை. தூரம் 00, நிகழ்வு 47.

8.30: தூரம் 25. உலர் 22.8, ஈரம் 21.6. தொட்டி, பனை, கைப்பேசிக் கோபுரம் யாவும் தெளிவு. 8.05க்குக் கலைந்தது.

கடைசிக் குறிப்பில் நிகழ்வு எண்ணை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இப்போது தெரிவது லேசான பனிமூட்டமாதலால் 10 என்று எழுதக் கை நீளும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள், 8.05 வரை, மூடுபனி இருந்தது, பெரிய எண்ணே முந்தும், ஆகவே 28. அதை எழுதிவிட்டு, ஈரக் குமிழின் துணி அழுக்கேறியிருந்தால் மாற்றி, சிமிழில் சுத்தமான நீர் ஊற்றிப் பெட்டியைச் சாத்துங்கள்.